தாழஞ்சேனைத் துறையில் ஒரு நிழற்குடை

போட்டிருந்த கதிரைகளில் ஒன்றில்கூட ஆள் இல்லை. கடைசி வரிசையில் மட்டும் ஓர் ஆடு முன்னங்கால்களைத் தூக்கி வைத்து நின்று, சுவரில் ஒட்டியிருந்த மஞ்சள் துண்டுத்தாள்களை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தது.

கம்சாயினி அதை விரட்டவில்லை. கூட்டத்துக்கு வந்த ஒரே ஜீவன் அதுதான்.

கொழும்பில் வடிவமைப்புப் படித்துப் பட்டம் வாங்கிய பிறகு அவள் போகாத கூட்டமில்லை. மனிதருக்கான வடிவமைப்பு, மாற்றத்துக்கான படைப்பாளிகள், நாளைய நகரம் என்று எங்கே அறிவித்தாலும் முதல் ஆளாகப் பதிந்துகொண்டு போய்விடுவாள். எல்லா இடத்திலும் தரையில் மெத்தைகள் கிடக்கும். எல்லாரும் மஞ்சள் துண்டுத்தாளில் 'சமூகம்' என்று எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். தேநீர் குடிப்பார்கள். படம் எடுப்பார்கள். அந்தச் சமூகத்திலிருந்து ஒருவரையாவது மண்டபத்துக்குள் அவள் கண்டதில்லை.

செங்கலடியில் அப்பா வேறு நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தார். "சந்தியில அச்சகத்தில கலியாணக் காட் கீற ஆள் தேடுறாங்க. போறியா, இல்லாட்டிக் கூட்டத்துக்குத்தான் போவியா?"

அந்த நேரத்தில்தான் அவளோடு படித்த காத்தான்குடிச் சப்னா, மட்டக்களப்பு நகரத்தில் சில நண்பர்களைச் சேர்த்து 'கூட்டுக்கை' என்று ஒரு வட்டம் தொடங்கினாள். அதில் சேர ஒரேயொரு நிபந்தனை. ஓர் ஊருக்குப் போய், அந்த ஊர்ச் சனத்தோடு சேர்ந்து, சனத்துக்கு உதவுகிற ஏதாவது ஒன்றைச் செய்துமுடித்துக் காட்ட வேண்டும். படம் காட்டக் கூடாது. பொருள் நிற்க வேண்டும்.

கம்சாயினி வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் தாழஞ்சேனையைத் தெரிவு செய்தாள். வாவியைக் கடக்கும் பாதைக்காக ஆட்கள் கொளுத்தும் வெயிலில் நிற்கும் துறை அது. பாதை என்றால் இரண்டு தோணிக்கு மேல் பலகை அடித்து மோட்டார் பூட்டியது. அதில் சைக்கிள், ஆடு, ஆள் எல்லாம் ஏறும். ஆனால் அது வரும்வரை ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை.

கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் கோணாமலையோடு தொலைபேசியில் கதைத்திருந்தாள்.

"வாங்க பிள்ள, பல்தேவைக் கட்டடம் திறந்துதான் கிடக்கு. பின்னுக்கு ஒரு அறையும் இருக்கு. நான் கிரான் வட்டையில நிக்கன், வேளாண்ம வெட்டு முடியத்தான் ஊருக்கு வருவன்."

"ஆக்களுக்குச் சொல்லிவிடுவீங்களா?"

"சொல்லாம!"

அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை.

துறையடியில் தேநீர்க் கடை வைத்திருந்த வதனியிடம்தான் கம்சாயினி கடைசியாகக் கேட்டாள்.

"அக்கா, கூட்டத்துக்கு ஆக்கள் வருவாங்களா?"

"என்ன குடுக்கிறீங்க?"

"ஒண்டும் குடுக்கல்ல. அவங்கட கருத்தக் கேக்கிறதுக்கு."

வதனி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப வரமாட்டாங்க, பிள்ள."

அன்று பொழுதுபட பாதையில் திரும்பும்போது கம்சாயினி அழுதாள். சத்தமில்லாமல் தொடங்கிய அழுகை, நடு வாவிக்கு வந்ததும் தேம்பலாக மாறிவிட்டது. பாதை ஓட்டும் ரதீஸ் மோட்டாரை மெல்லமாக்கினான். ஏறியிருந்தவர்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"செத்துப் போகலாம்போல இருக்கு," என்று அவள் தொலைபேசியில் சப்னாவிடம் சொன்னதும் எல்லாருக்கும் கேட்டது.

"பைத்தியமாகா உனக்கு?" என்றாள் சப்னா. "நோட்டீஸ் அடி. உன்ட முகத்தப் பெரிசாப் போடு. ஆரு கூப்பிடுற எண்டு தெரியாம ஆக்கள் எப்பிடி வருவாங்க?"

இரண்டு நாள் கண் மூடாமல் கம்சாயினி அந்த நோட்டீசை வடிவமைத்தாள். மஞ்சளும் சிவப்புமாக இரைச்சல் போடும் நோட்டீஸ்கள் அவளுக்குப் பிடிக்காது. அவளுடையதில் ஏராளமான வெற்றிடம். நடுவில், கொஞ்சம் மேலே பார்த்து மெல்லச் சிரிக்கிற அவளுடைய கறுப்பு வெள்ளைப் படம். கீழே பெயர். சுற்றிவர மெல்லிய கறுப்புக் கோடு. 'வடிவமைப்பு', 'கலந்துரையாடல்' என்ற சொற்கள் சனத்தை மிரட்டும் என்று இரண்டையும் வெட்டிவிட்டாள். துறையைப் பற்றி அவரவர் ஞாபகத்தில் இருப்பதைச் சொல்ல வைப்பதுதான் அவள் திட்டம். அதனால் இப்படி எழுதினாள்: 'நினைவுகளைப் பகிர ஒன்றுகூடுவோம். ஊரார் அனைவரும் வருக.'

அச்சகக்காரருக்கு வட்ஸப்பில் அனுப்பிவிட்டு அழைத்தாள். அவர் குரல் தழுதழுத்தது.

"எத்தினையாம் நாளுக்கு, தங்கச்சி?"

"வாற சனிக்கிழமைக்கு, அண்ணா."

"சரி. மனசத் தளர விடாதீங்க. நானே கட்டி பஸ்ஸில போட்டுத் துறைக்கு அனுப்பிவிடுறன்."

என்ன நல்ல மனிதர் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை சப்னா அவளைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிப் பாலத்தால் சுற்றிக் கொண்டுவந்து, பல்தேவைக் கட்டடத்தின் பின்கதவடியில் இறக்கிவிட்டுப் போனாள். அடுத்த சனி கூட்டுக்கை ஆட்களோடு வருவதாகச் சொன்னாள். கம்சாயினி பின்னறையில் பையை வைத்துவிட்டு நிறப் பேனாக்களை எடுத்து அடுக்கினாள். முன்னால் கால்கள் உரசும் சத்தம் கேட்டது. சீலைத் திரையை விலக்கிப் பார்த்தாள்.

மண்டபம் நிறைந்திருந்தது.

ஆண்கள் வெள்ளை வேட்டி, பெண்கள் வெள்ளைச் சேலை. தன் கூட்டத்துக்கு ஊரே உடுத்தி வந்திருக்கிறது! முன்னால் ஒரு மேசை போட்டுக் குத்துவிளக்கும் ஏற்றிவிட்டார்கள். ஒரு பிள்ளைகூடச் சிணுங்கவில்லை. வாவிக் காற்றில் விளக்குச் சுடர் மட்டும் படபடத்தது.

அவள் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, விளக்கின் பக்கத்தில் நின்று கைகூப்பினாள்.

"எல்லாருக்கும் வணக்கம்."

எங்கேயோ ஒரு செம்பு விழுந்தது. அது உருண்டுபோய்ச் சுவரில் முட்டி நிற்கும்வரை ஒருவரும் அசையவில்லை.

"பயப்படாதீங்க. நான் உங்களத் தேடித்தான் வந்திருக்கன்."

முன்வரிசையில் ஒருவர் எழும்பப் பார்த்தார். பக்கத்து ஆள் வேட்டியைப் பிடித்து இழுக்க, அப்படியே இருந்துவிட்டார்.

"போனமுற ஒருத்தரும் வரல்ல. எனக்குச் சரியான கவல. ஆனா அதுக்காக உங்கள விட்டிட்டுப் போக எனக்கு மனமில்ல."

மாதர் சங்கத் தலைவி சீதேவிப்பிள்ளை மெல்ல எழுந்தாள். கையைக் கூப்பினாள்.

"பிழ எங்களிலதான் மகள். அண்டைக்கு நாங்க வந்திருக்கோணும்."

"பரவால்ல அம்மா. இப்ப வந்திட்டீங்கதானே. இனி ஒவ்வொரு கிழமையும் சந்திப்பம்."

மண்டபம் முழுக்க ஒரு முனகல் ஓடியது.

கம்சாயினிக்கு விளங்கவில்லை. "சரி, உங்களுக்கு என்னென்ன தேவ? சொல்லுங்க."

"எங்களுக்கு ஒண்டும் வேணா, மகள். உங்களுக்கு என்ன வேணும்? அதச் சொல்லுங்க."

இத்தனை கூட்டங்களுக்குப் போயும் ஒரு சமூகம் வடிவமைப்பாளரைப் பார்த்து இப்படிக் கேட்டதாக அவள் கேள்விப்பட்டதில்லை. கண் கலங்கிவிட்டது. ஆனால் ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் அவளுடைய பாதத்தைத் தேடிக்கொண்டிருந்தது. விலையான செருப்பு அவர்களைக் கூச வைக்கிறதாக்கும் என்று நினைத்து அவள் செருப்பைக் கழற்றினாள். நீளப் பாவாடை தரையில் சரிந்து பாதத்தை முழுதாக மூடியது. பின்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் கடைசியாக ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"இவ்வளவு பேருக்குள்ள கதைக்க உங்களுக்கு வெக்கமா இருக்கும். பரவால்ல. நான் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியா வாறன்."

"வேணா!" என்று மண்டபமே ஒரே குரலில் கத்தியது. அன்றைய கலந்துரையாடலில் அதுதான் முதல் கருத்து.

அன்று பின்னறையிலேயே தங்கினாள். விடிந்து கதவைத் திறந்தால் வாசலில் வாழையிலை. சோறு, கருவாட்டுக் குழம்பு, பாயாசம். பக்கத்தில் ஒரு சீப்பு, கைக்கண்ணாடி, ஒரு சோடி வளையல். ஆளைக் காணவில்லை. எந்த வீட்டிலும் குரல் கேட்கவில்லை. அவள் வளையலைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடந்தாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கொத்துக் கொத்தாக வேப்பிலை தொங்கியது. நடக்க நடக்க முன்னாலிருந்த கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

ஊருக்கே பொதுவான ஓர் அலங்காரம்! படம் பிடித்துக்கொண்டாள். மாலையில் தானும் இரண்டு கொத்து ஒடித்துத் தன் கதவில் கட்டினாள்.

மறுநாள் பார்த்தால் ஊரில் இருந்த வேப்பிலை எல்லாம் கழற்றப்பட்டிருந்தது. எவர் முகத்திலும் நம்பிக்கை இல்லை.

வதனியின் கடையில் தேநீர் கேட்டாள். வதனி கோப்பையை வாங்குப் பலகையின் அந்தப் பக்க நுனியில் வைத்துவிட்டுப் பின்வாங்கினாள். காசை வாங்க மறுத்தாள். வேண்டாமென்று ஆட்டிய கையைக் கம்சாயினி பிடிக்கப் போனபோது, வதனியின் விரல் பட்டும் படாமலும் விலகியது. ஐஸ்போலக் குளிர்ந்த விரல்.

கம்சாயினி தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினாள்.

நகரத்தில் கொஞ்சம் சாமான் வாங்க வேண்டியிருந்தது. பொழுதுபடும் மம்மல் நேரம் பாதையில் ஏறினாள். அவள் கால் வைத்ததும், ஏற்கெனவே ஏறியிருந்தவர்கள் சைக்கிளும் கூடையுமாக ஒவ்வொருவராக இறங்கிவிட்டார்கள். பாதை அவளோடு மட்டும் புறப்பட்டது. ரதீஸ் தண்ணீரைப் பார்த்தபடி வாய்க்குள் தேவாரம் படித்தான்.

"மத்தாக்கள் வரல்லயா, அண்ணா?"

"அவங்களுக்கு அவசரமில்ல," என்றான் திரும்பாமலே. "அவங்களுக்கு இன்னும் காலம் இருக்கு."

வாவி எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. திரும்பிப் பார்த்தாள். துறையில் எல்லாரும் வரிசையாக நின்று கைகூப்பிக்கொண்டிருந்தார்கள். அவள் கை காட்டினாள். ஒரு கைகூட அசையவில்லை.

அக்கரையில் கால் வைத்ததும் சப்னாவை அழைத்தாள்.

"சப்னா, இந்த ஊர் சரியில்லகா."

"ஏன், சண்ட பிடிக்கிறாங்களா?"

"சண்ட பிடிச்சாப் பரவால்லயே! வெள்ளையாவே உடுத்திட்டு வாறாங்க. சத்தமே இல்ல. தொட்டாச் சில்லெண்டு இருக்கு. எனக்கு ஒரு பயம் வருது. இவங்க உயிரோட இருக்கிற ஆக்கள்தானா?"

சப்னா சிரித்தாள். "செத்த ஆக்கள் சேந்து செஞ்சாலும் அது சமூகப் பங்களிப்புத்தான். கொழும்பில இருந்தும் ஒராள் வாறார். சனிக்கிழம காட்ட ஒண்டுமில்லாட்டி உன்னச் சேக்க ஏலாது. யோசி."

கம்சாயினி யோசித்தாள். விட்டுவிட்டுப் போனால் கலியாணக் காட்தான். திரும்பி வந்தாள். ஆனால் அதன்பிறகு அவளும் ஊராரின் பாதங்களைப் பார்க்கத் தொடங்கினாள். மணலில் சுவடு பதிகிறதா, வெயிலில் நிழல் விழுகிறதா என்று கவனித்தாள். கடைவாசலில் அவளும் சீதேவிப்பிள்ளையும் எதிரெதிரே நின்று, ஒருவர் பாதத்தை ஒருவர் நீண்ட நேரம் உற்றுப் பார்த்துவிட்டுப் பிரிந்து போனார்கள்.

கோணாமலையிடம் விசாரிக்கலாம் என்று அழைத்தாள்.

"ஹலோ, ஆரு?"

"நான் கம்சாயினி, ஐயா. உங்கட ஊரிலதான் இருக்கன்."

மறுபக்கத்தில் ஏதோ வரம்பில் விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அந்தத் தொலைபேசி வேலை செய்யவில்லை.

இனிச் சுற்றி வளைக்க முடியாது. செவ்வாய்க்கிழமை மண்டபத்தில் திரும்பவும் கூட்டினாள். ஓர் ஆள் குறையாமல் வந்திருந்தார்கள்.

"எனக்கு இந்த ஊரில ஒரே ஒரு ஆசதான் இருக்கு," என்றாள்.

எல்லாரும் முன்னுக்குச் சாய்ந்தார்கள்.

"துறையில வெயிலுக்கு ஒதுங்க ஒரு நிழற்குட வேணும். அவ்வளவுதான்."

சீதேவிப்பிள்ளை தொண்டையைச் செருமினாள். "அதச் செஞ்சு தந்தா, மகள்?"

"செஞ்சா என்ட வேல முடிஞ்சுது. நான் போயிருவன்."

"போனா... பிறகும் வருவீங்களா?"

"நீங்க கூப்பிட்டா எப்பயும் வருவன்."

"இல்ல, இல்ல! நாங்க கூப்பிட மாட்டம்!"

அவள் சுண்ணக்கட்டியால் சுவரில் பெரிதாக வரைந்து காட்டினாள். நாலு தூண், கிடுகுக் கூரை, பக்கங்களில் காற்று வர வேப்பிலை வடிவத்தில் பலகை வெட்டு. முகப்பில் ஒரு பெயர்ப்பலகை.

"பலகையில என்ன எழுதுற?" என்று ரதீஸ் பின்னாலிருந்து கேட்டான்.

அவள் இத்தனை காலம் காத்திருந்த கேள்வி அது. "அத நான் சொல்லக் கூடாது. ஊர் என்ன நினைக்குதோ, அத ஊரே எழுதோணும்."

புதன்கிழமையிலிருந்து துறைப்பக்கம் சுத்தியல் சத்தம் விடாமல் கேட்டது. அவள் பார்க்கப் போனால் சத்தம் நின்றுவிடும். பாதி அறைந்த ஆணி இருக்கும். புகைந்துகொண்டிருக்கும் பீடி இருக்கும். ஆள் இருக்காது. ஒருமுறை அந்தரத்தில் கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் தூண்கள் நேராக நின்றன. வெட்டுகள் அவள் வரைந்ததைவிட அழகாக இருந்தன. யாருமில்லாத துறையில் அந்த நிழலுக்குள் தனியாக இருந்து, பயத்தில் பாதியும் சந்தோசத்தில் பாதியுமாக அவள் கொஞ்ச நேரம் அழுதாள். தூரத்தில் யாரோ அதைப் பார்த்துவிட்டுச் சுத்தியலை இன்னும் வேகமாக அடிக்கச் சொன்னதுபோல, மறுநாளே வேலை முடிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை கூட்டுக்கை ஆட்கள் வான் வண்டியில் வந்து இறங்கினார்கள். ஊர் முழுவதும் வெள்ளையில் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. கிரானிலிருந்து வந்திருந்த கோணாமலை, கம்சாயினியைக் கண்டதும் பாதை கட்டும் தறியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

சப்னா நிழற்குடையைப் பார்த்தாள். சுற்றி வந்து பார்த்தாள். ஓடிவந்து கம்சாயினியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"மாஷா அல்லாஹ்! செஞ்சிட்டாய்கா! நாங்க எல்லாரும் வாயால சொன்னத நீ செஞ்சிட்டாய்!"

ஊர்ப்பக்கம் ஒரு சலசலப்பு எழுந்தது. ஒருத்தி இன்னொருத்தியிடம், "தொடுறாகா! கட்டிப் பிடிக்கிறா!" என்று கிசுகிசுத்தாள்.

முகப்புப் பலகையை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். "நீயே திற," என்று கம்சாயினி சப்னாவிடம் சொன்னாள். சப்னா துணியை இழுத்தாள்.

கொஞ்சம் மேலே பார்த்து மெல்லச் சிரிக்கிற கம்சாயினி. படத்தைச் சுற்றி வர்ணத்தில் வரைந்த பூமாலை. கீழே நீல எழுத்தில்:

'அமரர் கம்சாயினி ஞாபகார்த்த நிழற்குடை. தாழஞ்சேனை ஊர்மக்கள்.'

கொழும்பிலிருந்து வந்த வடிவமைப்பாளருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவர் மட்டும் கை தட்டினார். தனியாகக் கேட்டதும் நிறுத்திக்கொண்டார்.

கம்சாயினி ஒருமுறை வாசித்தாள். இன்னொருமுறை வாசித்தாள். தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்தாள். சூடான வெயிலிலும் உடம்பு குளிர்ந்தது. ஒரு கணம், ஒரேயொரு கணம், அந்தப் பலகை சொல்வது சரியாக இருக்குமோ என்றுகூட அவளுக்குத் தோன்றிவிட்டது. சப்னாவின் கை தோளில் இருந்தபடியால்தான் தப்பினாள்.

"நான் சாகல்ல!" என்று கத்தினாள். வாவியில் நின்ற கொக்குகள் எழும்பின.

"அல்லாவே, அந்த நோட்டீஸ்!" சப்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டாள். "கறுப்புக் கோடு, கறுப்பு வெள்ளப் படம், நினைவுகளப் பகிர... அடியேய், உன்ட மரண அறிவித்தல நீயே அடிச்சிருக்காய்கா!"

கோணாமலை தறியை விட்டுவிட்டு மெல்ல மெல்ல வந்தார். ஒற்றை விரலால் கம்சாயினியின் மணிக்கட்டைத் தொட்டார். பிடித்துப் பார்த்தார். ஊரைத் திரும்பிப் பார்த்தார்.

"சூடா இருக்கு," என்றார்.

துறை முழுவதும் ஒரு பெரிய மூச்சு வெளியே வந்தது. சீதேவிப்பிள்ளை அழுதாள். ரதீஸ் பாதையின் விளிம்பில் இருந்துவிட்டான். கம்சாயினிக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை.

"ஒரு கிழமையா உங்களோடதானே இருந்தன்! உங்கட சோத்தத்தானே தின்டன்! ஒருத்தர்கூட எனக்கிட்ட வந்து, இப்பிடியொரு நோட்டீஸ் வந்திருக்கு, என்ன விசயம் எண்டு ஒரு சொல்லுக் கேக்கல்லயே! ஏன்? என்ன அவ்வளவு பயமா?"

எல்லாரும் தங்கள் தங்கள் பாதத்தைப் பார்த்தார்கள். கடையிலிருந்து தேநீர்த் தட்டோடு வந்துகொண்டிருந்த வதனிதான் நின்றாள். ஒரு கோப்பையை எடுத்து, இந்தமுறை கம்சாயினியின் கையிலேயே கொடுத்தாள்.

"பயம் ஒரு பக்கம் இருக்கட்டும் பிள்ள. நீங்க செத்தது உங்களுக்கு இன்னும் தெரியாதாக்கும் எண்டுதான் நினைச்சம். போய்ச் சொன்னா உங்கட மனம் நோகாதா?"